எண் நின்றுபோன டிரான்சிஸ்டருக்குப் பதில் எதைப் போடுவது?

எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்த ஆம்ப்ளிஃபயர் அது. சானலுக்கு எண்பது வாட். ஒரு பக்கம் ஃப்யூஸ் போயிருந்தது. மூடியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்ததும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டையான ஹீட்சிங்க்கில் இருந்த நான்கு உலோக டிரான்சிஸ்டர்களில் ஒன்று கலெக்டர், எமிட்டர் என்ற இரு முனைகளுக்கும் இடையே ஷார்ட் என்று பீப் அடித்தது. அதன் தலையில் இருந்த எண்ணைத் தயாரிப்பாளர் கைவிட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கடையில் எண்ணைச் சொன்னதும் பையன் உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் எடுத்துவந்து நீட்டினான். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டு, இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

போட்ட டிரான்சிஸ்டர் இருபது நிமிடம் பாடியது. பிறகு ஒரு 'டப்'. அடுத்த நாள் அதன் மூடியை அரத்தால் தேய்த்துத் திறந்தேன். உள்ளே இருந்த சிலிக்கான் சில்லு மிளகைவிடச் சிறியது. செத்துப்போன அசலையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதன் சில்லு, கனமான செம்புத் தகட்டின்மேல், சுண்டுவிரல் நகத்தில் பாதிக்கு இருந்தது. மூடி ஒன்றே, எண் ஒன்றே, எழுத்தின் சாய்வுகூட ஒன்றே. பத்து ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் இரண்டு ஆம்பியர் தாங்கும் பொருளை வைத்து மூடியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் வேறு வரிசையில் கேட்கிறேன். முதலில் அந்த சர்க்யூட் என்ன கேட்கிறது, பிறகு அதைத் தரக்கூடிய, பிறந்த இடம் தெரிந்த பொருள் எது. பழைய எண் கடைசியில்தான் வருகிறது. கையில் இருக்கும் வழிகள் ஐந்து: அதே எண்ணில் பழைய ஸ்டாக், இன்னொரு செத்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றியது, புதிதாகச் செய்யப்படும் உலோக டிரான்சிஸ்டர், புதிய பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர், அவுட்புட் போர்டையே தூக்கிவிட்டு வேறு போடுவது. ஐந்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப்போவதில்லை. அவை அவ்வளவு சமமானவை அல்ல.

பழைய ஸ்டாக்கைச் சொல்லிவிடுகிறேன். உலோக மூடி காற்றுப் புகாமல் அடைத்தது. டப்பாவில் நாற்பது ஆண்டு கிடந்தாலும் கெட்டுப்போகாது. ஆகவே உண்மையான பழைய ஸ்டாக் கிடைத்தால் அதைவிட நேரான வழி இல்லை. ஆனால் எந்த எண்ணுக்குத் தேவை இருக்கிறதோ அந்த எண்ணைத்தான் போலி செய்வார்கள். டோஷிபாவின் 2எஸ்சி3281, 2எஸ்ஏ1302 ஜோடி (அலையின் மேல்பாதிக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று) இதற்குப் பேர்போனது. 200 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட், சுமார் 30 மெகாஹெர்ட்ஸ். எண்பதுகளின் நல்ல ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இருந்தது. டோஷிபா நிறுத்திய பிறகும் 'புத்தம் புதியது' இணையத்தில் மலைமலையாகக் கிடைக்கிறது. நிறுத்திய பொருள் எப்படிப் புதிதாகப் பிறக்கிறது என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை, நானும் கேட்காதவன்தான்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதி இருந்தால் கலெக்டருக்கும் மூன்றாவது முனையான பேஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். சில்லு பெரிதானால் கெப்பாசிட்டன்ஸும் பெரிதாகும். டோஷிபாவின் பிந்தைய ஜோடியான 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 இரண்டுக்கும் தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் முறையே 200, 360 பிகோஃபாரட் என்கிறது. அது பத்து வோல்ட்டை எதிர்த்திசையில் கொடுத்து அளந்தது. மீட்டர் அந்த வோல்ட்டேஜ் கொடுப்பதில்லை என்பதால், அசலாக இருந்தால் மீட்டர் அதைவிடக் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும். நூறுக்குக் கீழே நின்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தச் சோதனையில் தேறுவதெல்லாம் அசல் என்று பொருளில்லை. தேறாதது போலி என்பது மட்டும் உறுதி.

கழற்றிப் போடுவது எனக்குப் பிடித்த வழி. தொழிற்சாலையில் சால்டர் செய்த டிரான்சிஸ்டர் போலியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தோ முகப்பு உடைந்தோ பழைய இரும்புக் கடையில் கிடந்தால், அதன் ஹீட்சிங்க்தான் சுரங்கம். ஆனால் சும்மா டையோடு டெஸ்ட் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடக் கூடாது. மல்டிமீட்டரின் கெயின் சாக்கெட், பேஸ் மின்னோட்டம் எத்தனை மடங்காகிறது என்பதைச் சில மில்லி ஆம்பியரில் அளப்பது. அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஒரு பவர் சப்ளையும் ஓரிரு ரெசிஸ்டர்களும் வைத்து ஒரு ஆம்பியர் ஓடும்போது கெயின் என்ன என்று பார்க்க வேண்டும். பேஸை எதனோடும் இணைக்காமல் விட்டு, சப்ளை வோல்ட்டேஜில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறினால் பழையது என்ற தயக்கம் தேவையில்லை. சில கருவிகளுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. எழுபதுகளின் நடுவில் யமஹாவும் சோனியும் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களுக்கென்றே செய்த வி-ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர்களை யாரும் இப்போது செய்வதில்லை. வேறெதுவும் அந்த இடத்தில் உட்காராது.

பெரும்பாலானவர்கள் நிற்கும் இடம் மூன்றாவது வழிக்கும் நான்காவது வழிக்கும் நடுவில். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

என் மேஜையில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் சப்ளை பிளஸ் 45, மைனஸ் 45 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போது அதன்மேல் விழக்கூடியது 90 வோல்ட். மெயின்ஸ் ஏறினால் அதுவும் ஏறும். ஆகவே 140 வோல்ட் தாங்குவது போதும்; 250 இருந்தால் நிம்மதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு, மோசமான நிலையில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சராசரியாக 26 வாட் சூட்டைக் கொட்டும். 4 ஓம் என்றால் அது இரட்டிப்பு.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். அது டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரியில் இருக்கும்போது சொல்வது. சென்னையில் மே மாதம் அறையே அதற்கு மேல். ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவு சுட்டு, உடல் 75 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2எஸ்சி5200 பிளாஸ்டிக் உறை. 150 டிகிரி வரைதான் உள்சில்லு போகலாம். அதன் 150 வாட் அப்போது 90 வாட் ஆகிவிடும். மூன்றாவது வழியில் வரும் எம்ஜே15003 உலோக மூடி; 200 டிகிரி வரை போகலாம். அதன் 250 வாட், அதே 75 டிகிரியில் ஏறத்தாழ 178 வாட்டாக நிற்கும். முகப்பில் நூறு வாட் வித்தியாசம். சூட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உலோக மூடியைப் பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று ஸ்பீக்கர். அது ரெசிஸ்டர் இல்லை. சுருளும், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் சேர்ந்து வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் தள்ளித் தள்ளி வைக்கும். டிரான்சிஸ்டர்மேல் அறுபது வோல்ட் நிற்கும்போதே மூன்று ஆம்பியர் ஓடும் தருணங்கள் வரும். வாட் கணக்கில் தேறும் டிரான்சிஸ்டர் இந்த இடத்தில் செகண்ட் பிரேக்டவுன் என்ற நோயில் செத்துப்போகும். சில்லின் ஒரு புள்ளியில் மட்டும் சூடு குவிந்து ஓட்டை விழும். இதற்கான எல்லை டேட்டாஷீட்டில் கோடு போட்ட வரைபடமாக இருக்கிறது. ஒரு வினாடிக்கு எம்ஜே15003 ஐம்பது வோல்ட்டில் 5 ஆம்பியர் தாங்கும். நூறு வோல்ட்டில் ஒரே ஒரு ஆம்பியர்தான். இன்னொரு உலோக ஜோடியான எம்ஜே21193, எம்ஜே21194 ஐம்பதில் அதே 5 ஆம்பியர், எண்பதில் இன்னும் 2.5 ஆம்பியர். என் ஆம்ப்ளிஃபயருக்கு எம்ஜே15003 போதுமென்றாலும், இந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு மனம் 21194 பக்கம் சாய்ந்தது.

மூன்றாவது கேள்வி வேகம். சண்டைகள் பெரும்பாலும் இதில்தான் நடக்கும். எம்ஜே15003 இரண்டு மெகாஹெர்ட்ஸ், எம்ஜே21194 நான்கு, பிளாஸ்டிக் உறையில் வரும் எம்ஜேஎல்3281ஏ முப்பது. இந்த எண்ணைக் கெயினால் வகுத்தால், எந்த அதிர்வெண் வரை அந்தக் கெயின் நிலைக்கும் என்பது தெரியும். கெயின் 50 என்று வைத்தால் முதலாவது 40 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவது 80, மூன்றாவது 600. காது 20 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது, பிறகென்ன என்று தோன்றும். காதுக்குப் பிரச்சினை இல்லை, அவுட்புட்டை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழை திருத்தும் ஃபீட்பேக்குக்குத்தான். பத்து மெகாஹெர்ட்ஸ் டிரான்சிஸ்டரை மனதில் வைத்து வடிவமைத்தவர், ஃபீட்பேக் சுற்றி வர எவ்வளவு தாமதம் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஊசலாட்டத்தைத் தடுக்கும் காம்பென்சேஷன் கெப்பாசிட்டரை வைத்திருப்பார். அங்கே இரண்டு மெகாஹெர்ட்ஸ் ஆசாமி வந்து உட்கார்ந்தால் தாமதம் கூடி, ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊசலாடி 'பாட' ஆரம்பித்துவிடலாம்.

சரி, வேகமானதைப் போட்டுவிட்டால்? அதுவும் பாடும், வேறு காரணத்துக்காக. வேகமான டிரான்சிஸ்டர் பேஸுக்குப் போகும் ஐந்து சென்டிமீட்டர் ஒயரையே காயிலாக எடுத்துக்கொண்டு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஊசலாடும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் சைன் அலையின் ஒரு பாதியில் மட்டும் மயிர் முளைத்தது போல் தெரியும். ஸ்கோப் இல்லாதவர்களுக்கு அவுட்புட் பக்கத்தில் கெப்பாசிட்டரோடு சேர்ந்து நிற்கும் பத்து ஓம் ரெசிஸ்டர் காட்டிக்கொடுத்துவிடும்: பாட்டு இல்லாமலே அது சுட்டால் விஷயம் முற்றிவிட்டது. மருந்து சின்னதுதான். ஒவ்வொரு பேஸுக்கும் காலுக்கு ஒட்டியபடி 2.2 அல்லது 4.7 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஆனால் அதை வைக்க போர்டில் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு இப்படி முடிந்தது. உலோக டிரான்சிஸ்டருக்குத் துளை போட்ட ஹீட்சிங்க், 45 வோல்ட் சப்ளை, ஒரே ஒரு ஜோடி: இதற்கு எம்ஜே21193, எம்ஜே21194. பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தால் ஹீட்சிங்க்கில் புதுத் துளை, நீட்டிய ஒயர், சூட்டில் குறைந்த கையிருப்பு எல்லாம் சேர்ந்து வரும். மாறாக, எண்பதுகளின் ஆம்ப்ளிஃபயரில் 2எஸ்சி3281 செத்திருந்தால் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன். ஆன்செமியின் எம்ஜேஎல்3281ஏ, எம்ஜேஎல்1302ஏ அதே உடல் அளவு, அதே கால் வரிசை, அதே வேகம். வோல்ட்டேஜ் 260, வாட் 200. பெயரிலேயே பழைய எண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது. அங்கே மெதுவான 21194 குடும்பத்தைப் போடுவது ஓடுகிற குதிரைக்குக் கல் கட்டிவிடுவது.

டிவி ரிப்பேர் கடைகளில் நைந்துபோய்க் கிடக்கும் 'ஈக்விவலண்ட்' புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் ஆசானே அதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அது வோல்ட்டேஜ், ஆம்பியர், வாட் மூன்றையும் பார்த்து ஜோடி சேர்க்கிறது. வேகத்தையும் அந்த ஒரு வினாடி வரைபடத்தையும் பார்ப்பதில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்குக் காது கேட்குமா என்று கேட்காத கதை.

எண் நிற்காமலே பொருள் நின்றுபோவதும் உண்டு. 2என்3055 அதற்குச் சரியான உதாரணம். ஆர்சிஏ நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தது: 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். பவர் சப்ளை முதல் மைக் செட் வரை அது இல்லாத இடமில்லை, இந்தியாவிலும் செய்தார்கள். முதலில் வந்தது ஹோமெடாக்சியல் என்ற பழைய தயாரிப்பு முறையில் செய்தது. ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாத சோம்பேறி, ஆனால் அடி தாங்குவதில் எருமை. பின்னால் எபிடாக்சியல் முறை வந்து, அதே எண்ணில் இரண்டரை மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடும் வேறொரு பிராணியை உள்ளே வைத்தார்கள். இன்று கடையில் அசல் 2என்3055 வாங்கினாலும், அறுபதுகளின் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்ப்பது அது இல்லை. பழைய சர்க்யூட்டில் புதியதைப் போட்டதும் ஊசலாட்டம் வந்தால், கடைக்காரரைத் திட்டாமல் பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

சில வடிவமைப்புகள் எதைப் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். 1967-இல் வந்த குவாட் 303 ஆம்ப்ளிஃபயர் அப்படி. அதில் மூன்று டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து ஒன்று போல் வேலை செய்யும். பாட்டு இல்லாதபோதும் ஓடும் சிறு மின்னோட்டமான பயஸைத் தீர்மானிப்பது சூடாகும் அவுட்புட் டிரான்சிஸ்டர் இல்லை, குளிர்ச்சியாக இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர். 1975-இல் வந்த குவாட் 405-இல் கனமான வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களுக்குப் பயஸே கிடையாது. திருகி வைக்க ஒரு ட்ரிம்மர்கூட இல்லை. வடிவமைத்த பீட்டர் வாக்கர் பின்னால் வரும் ரிப்பேர்காரர்களை நினைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

பொறுக்காத வடிவமைப்புகளில் முதலிடம் ஹிட்டாச்சி மாஸ்ஃபெட் (மின்னோட்டத்துக்குப் பதில் வோல்ட்டேஜால் இயங்கும் டிரான்சிஸ்டர்) போட்டவற்றுக்கு. 2எஸ்கே134, 2எஸ்ஜே49: 140 வோல்ட், 7 ஆம்பியர், 100 வாட். மாஸ்ஃபெட்தானே என்று எங்கும் கிடைக்கும் ஐஆர்எஃப்பி240-ஐ வைத்தால் மூன்று இடத்தில் இடிக்கும். ஹிட்டாச்சியில் உலோக உடல் சோர்ஸ் என்ற முனையோடு சேர்ந்தது. ஐஆர்எஃப்பியில் அது டிரெயின் என்ற முனையோடு சேர்ந்தது. ஹிட்டாச்சி ஒரு வோல்ட்டுக்குள்ளேயே கடத்தத் தொடங்கிவிடும். மற்றது இரண்டிலிருந்து நான்கு வோல்ட் கேட்கும். மூன்றாவதுதான் ஆபத்து. ஹிட்டாச்சி சூடானால் சுமார் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், சூட்டைக் கவனிக்கும் டிரான்சிஸ்டரை அந்த சர்க்யூட்டில் வைக்கவே மாட்டார்கள். ஐஆர்எஃப்பி அந்த அளவில் சூடாகச் சூடாக இன்னும் அதிகம் இழுக்கும். பிறகு புகைதான். இந்த இடத்துக்கு, பிரிட்டனின் எக்சிகான் நிறுவனத்தின், அதே வகையான லேட்டரல் மாஸ்ஃபெட்டுகளைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், விலை எதுவானாலும்.

ஏடி161, ஏடி162 போன்ற ஜெர்மானியம் ஜோடிக்கு சிலிக்கானை நேராகப் போட முடியாது. ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட்டில் விழித்துக்கொள்ளும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும், பயஸ் பகுதியையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். ஐந்தாவது வழியான, போர்டையே தூக்கிவிட்டு எல்எம்3886 போன்ற ஐசி போர்டை உள்ளே வைப்பது நல்ல ஆம்ப்ளிஃபயரைத் தரும். ஆனால் அது பழைய பெட்டிக்குள் குடிவந்த புது ஆம்ப்ளிஃபயர். அவுட்புட் டிரான்சிஸ்டர்களை இயக்கும் டிரைவர் பகுதி முழுவதும் கருகி, சர்க்யூட் படமும் கிடைக்காதபோது மட்டும் அந்தப் பக்கம் போவேன்.

எங்கே வாங்குவது என்பதற்கு என் பதில் சலிப்பூட்டக்கூடியது: மவுசர், டிஜிகீ, எலிமெண்ட்14 போல நேராகத் தயாரிப்பாளரிடம் எடுக்கும் விநியோகஸ்தர்கள். இரண்டு டிரான்சிஸ்டருக்காக அனுப்பும் செலவும் சுங்கமும் கொடுப்பது வயிற்றெரிச்சல்தான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் எரிச்சல் நான்காகப் பிரியும். டிரைவர் டிரான்சிஸ்டர்கள், எமிட்டர் ரெசிஸ்டர்கள், டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா காப்புத் தகடு எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஏனென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர் தனியாகச் சாவதில்லை. போகும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும். அவற்றைச் சோதிக்காமல் புதியதை மட்டும் போட்டால், புதியதும் அதே வழியில் போகும்.

நான் நான்கையும் மாற்றினேன். ஒரு சானலில் பழையது, மறுசானலில் புதியது என்று விட்டால் இரண்டு காதுக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர். முதலில் சப்ளைக்கு முன்னால் சீரிஸாக 60 வாட் குண்டு பல்பு. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது; மங்காமல் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு பல்பை எடுத்துவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொன்னபடி 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்மேல் 10 மில்லி வோல்ட் வரும்வரை ட்ரிம்மரைத் திருகினேன். அதாவது 21 மில்லி ஆம்பியர். அரைமணி நேரம் சூடேற விட்டுப் பார்த்தபோது 13 மில்லி வோல்ட் ஆகியிருந்தது. திரும்பப் பத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்கோப்பில் மயிர் முளைக்கவில்லை. பேஸ் ரெசிஸ்டர் தேவைப்படவில்லை.

கழற்றிய நான்கில் மூன்று உயிரோடுதான் இருந்தன. ஒரு ஆம்பியரில் அளந்த கெயினைத் துண்டுச் சீட்டில் எழுதி, மூன்றையும் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொரு சீட்டில் என்ன போட்டிருக்கிறேன், எந்தத் தேதி, பயஸ் எவ்வளவு என்று எழுதி மேல்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அடுத்த முறை இதைத் திறப்பது நானாக இல்லாமலும் போகலாம்.